ஆண்டுக் கணக்கும் அன்றாட உறுதியும்: கடலூர், சிதம்பரம் வட்டார மரபுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

புத்தாண்டு உறுதி என்றதும் நினைவுக்கு வருவது ஒரு பட்டியல்: எடையைக் குறைப்பது, விடியலில் எழுவது, கடனை அடைப்பது, கைப்பேசியைத் தள்ளி வைப்பது. பட்டியல் பெரும்பாலும் பொங்கலைத் தாண்டுவதில்லை. தவறிப்போனதும் மிஞ்சுவது தன்மீதான எரிச்சல். அடுத்த ஆண்டுப் பட்டியலும் அந்த எரிச்சலிலிருந்தே பிறக்கிறது. இப்படிப் பார்த்தால் ஆண்டு முடிவில் நடப்பது கணக்குப் பார்த்தல் அன்று, தண்டனை வழங்கல்.

இதற்கு மாற்றான ஒரு முறை கடலூர் மாவட்டத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சிதம்பரம் கோயிலின் ஆண்டு வழிபாட்டு முறை, மருதூரில் பிறந்த இராமலிங்க அடிகளின் உரைநடை, வடலூர் தருமசாலை, வட்டாட்சியர் அலுவலகத்து ஜமாபந்தி, முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தின் தடைக்காலம் ஆகியவற்றை ஒருசேரப் பார்க்கும்போது அது துலங்குகிறது. கடந்த ஆண்டைப் பற்றிக் கேட்க வேண்டியது ‘நான் என்ன ஆனேன்’ என்பதைவிட ‘என்னால் யாருக்கு என்ன ஆயிற்று’ என்பது; வரும் ஆண்டுக்கான உறுதி ஒரு நாளில் செய்து முடிக்கும் அளவினதாகவும், அதன் மறுமுனையில் இன்னோர் உயிர் இருப்பதாகவும் அமைய வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஆண்டின் எல்லை

2.1 பல தொடக்கங்கள்

இந்த வட்டாரத்தில் ஆண்டு ஒரே நாளில் பிறப்பதில்லை. டிசம்பர் 31 இரவில் தேவாலயங்களில் நள்ளிரவு ஆராதனை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கூட்டம். தை முதல் நாள் உழவருக்கு. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கத்துக்கு. தமிழ்ப் புத்தாண்டு தை முதல் நாளே என 2008இல் சட்டம் வந்தது. 2011இல் அது நீக்கப்பட்டது. ஏப்ரல் 1 வங்கிக்கும் வரிக்கும். ஜூலை 1 வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக்கு. பரங்கிப்பேட்டை முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவதால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாகவே வந்து நிற்கும்.

இந்தப் பன்மையால் ஒரு நன்மை உண்டு. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற கால எல்லைகளை அடுத்து மக்கள் புது முயற்சிகளில் கூடுதலாக இறங்குவதைக் காட்டியது. ஜனவரி 1 மட்டுமே தொடக்கம் என்று கொள்பவருக்கு ஜனவரி 9இல் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். கடலூர்க்காரருக்கு ஐந்தாறு நாளில் தை பிறந்துவிடும்.

2.2 ஓராண்டு என்பது ஒரு நாள்

சிதம்பரத்தில் நடராசப் பெருமானுக்கு ஆண்டுக்கு ஆறு முறை மகாபிஷேகம். மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணிச் சதுர்த்தசி, புரட்டாசிச் சதுர்த்தசி என்பன அந்நாள்கள். மனிதரின் ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள் என்பது நம்பிக்கை. அதன்படி இந்த ஆறும் தேவரின் ஒரு நாளைக்குரிய ஆறு கால பூசைகள். மார்கழி வைகறை, மாசி காலசந்தி, சித்திரை உச்சிக்காலம், ஆனி சாயரட்சை, ஆவணி இரண்டாம் காலம், புரட்டாசி அர்த்தசாமம்.

இந்த அமைப்பிலிருந்து இரண்டு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அளவு பற்றியது. ஓராண்டை ஒரு நாளாகச் சுருக்கிப் பார்க்கும்போது அந்த ஆண்டின் தவறுகளும் ஒரு நாளின் அளவுக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒரு நாள் சரியில்லை என்பதற்காக யாரும் வாழ்க்கையே போயிற்று என்பதில்லை. இரண்டாவது, நேரம் பற்றியது. தேவரின் இரவு புரட்டாசியின் அர்த்தசாமத்தைக் கடந்து மார்கழியில் வைகறைக்கு வருகிறது. மார்கழியில் கணக்குப் பார்ப்பவர் பகலெல்லாம் உழைத்துக் களைத்த இரவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தூங்கி எழுந்த தெளிவில் பார்க்கிறார். களைப்பில் பார்க்கும் கணக்கில் கடன் மட்டுமே கண்ணில் படும்.

3. திரும்பிப் பார்த்தல்: ‘மனுமுறை கண்ட வாசகம்’

3.1 நூலும் சூழலும்

இராமலிங்க அடிகள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தவர். அவருடைய உரைநடை நூலான ‘மனுமுறை கண்ட வாசகம்’ 1854இல் அச்சானது. கதை எல்லோருக்கும் தெரிந்ததே. திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் மகனைத் தேர்க்காலில் இட்டான். பெரிய புராணத்தில் வரும் இந்தக் கதையை அடிகள் விரித்து எழுதும்போது, அரசன் தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒரு நீண்ட வினாவரிசையை இடையே வைக்கிறார். எந்தத் தீமையை முன்பு செய்ததால் இப்படி நேர்ந்தது என்று அவன் தேடுகிறான். தமிழில் தன்னாய்வுக்கென எழுந்த பகுதிகளில் இதற்குத் தனியிடம் தர வேண்டும்.

3.2 வினாக்களின் வகைப்பாடு

வரிசையிலுள்ள வினாக்களைப் பொருள் நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

அ. தொழிலும் வாணிகமும். வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தேனா, நெல்லில் கல்லைக் கலந்து விற்றேனா என்பன போன்றவை.

ஆ. பொதுச் சொத்து. குடிநீர்க் குளத்தைத் தூர்த்ததா, வெயிலுக்கு ஒதுங்கும் மரத்தை வெட்டியதா, பொதுமண்டபத்தை இடித்ததா எனக் கேட்பவை.

இ. உறவும் சொல்லும். கோள் சொல்லிக் குடும்பத்தைக் கலைத்தது, நடு ஆற்றில் கைவிட்டது, பயந்து ஒளிந்தவரைக் காட்டிக் கொடுத்தது பற்றியவை.

ஈ. வாயில்லா உயிர்கள். பறவையைக் கூண்டில் அடைத்தது, கன்றுக்குப் பால் விடாமல் கட்டிப்போட்டது முதலியவை.

பெற்றோர் சொல்லைத் தட்டியது, இறைவனை இகழ்ந்து செருக்குற்றது, தவத்தோரைத் தாழ்த்திப் பேசியது பற்றிய வினாக்களும் உள்ளன. அவற்றிலும் குற்றம் இன்னொருவரை நோக்கியதாகவே இருக்கிறது. சோம்பி இருந்தேனா, புகழ் தேடாமல் விட்டேனா, போதிய அளவு முன்னேறவில்லையா என்ற வகை வினா இங்கு இல்லை. இன்றைய ஆண்டிறுதிப் பட்டியல்களில் நிறைந்திருப்பதோ அந்த வகைதான்.

வடிவமும் கவனிக்கத்தக்கது. எல்லாம் வினாக்கள், ‘செய்தேன்’ என்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றுகூட இல்லை. அரசன் தன்மேல் தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் தேடிப் பார்க்கிறான். ஒவ்வொரு வினாவுக்கும் ‘இல்லை’ என்ற விடை வரவும் இடமுண்டு. கடுமையான பொருளைப் பேசும் இந்த வரிசையின் மென்மை இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

3.3 ஓர் ஒப்பீடு

அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டு, சிறு புத்தகமொன்றில் கட்டம் போட்டு, தவறிய நாள்களில் கரும்புள்ளி வைத்துவந்த முறையை விவரிக்கிறார். வாரத்துக்கு ஒரு பண்பு. 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. ஒழுங்கு என்ற பண்பு கடைசிவரை தமக்குப் பிடிபடவில்லை என்றும், முழுமையை எட்டாவிட்டாலும் முயன்றதால் மேம்பட்டதாகவும் அவர் சொல்கிறார்.

இரண்டு முறைகளும் அன்றாடத்தைப் பிடிப்பவை. ஆயினும் நோக்கும் திசை வேறு. பிராங்க்ளினின் கட்டங்களில் வாய்மையும் நீதியும் உண்டு. ஆனால் மிதமான ஊண், சிக்கனம், ஒழுங்கு, உழைப்பு எனத் தன்னைச் செதுக்கும் பண்புகளே மிகுதி. அடிகளின் அரசன் கூலிக்காரரையும் குளத்தையும் கன்றையும் எண்ணிப் பார்க்கிறான். முன்னதில் தவறினால் ஒரு புள்ளி கூடும். பின்னதில் தவறு தெரிந்தால் போய்ச் சரிசெய்ய ஓர் ஆள் இருப்பார், குறைத்த கூலியைக் கொடுத்துவிடலாம். குற்றவுணர்வு செயலாக மாறும் வழி பின்னதில் குறுகியதாகவும் நேரானதாகவும் இருக்கிறது.

4. அளவுகோலைச் சரிபார்த்தல்

4.1 ஜமாபந்தி

பசலி ஆண்டு முடியும் தறுவாயில், மே, ஜூன் மாதங்களில் வட்டந்தோறும் வருவாய்த் தீர்வாயம் நடக்கும். ஊரில் ஜமாபந்தி என்பார்கள். கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல், சிட்டா முதலான பதிவேடுகளைத் துணியில் கட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வருவார்கள். ஜமாபந்தி அலுவலர் குறுவட்டம் குறுவட்டமாக உட்கார்ந்து பார்ப்பார். பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு கொடுக்க வெளியே வரிசை நிற்கும். அங்கே பதிவேடுகளோடு நில அளவைச் சங்கிலியையும் மற்ற அளவுக் கருவிகளையும் எடுத்து வைத்துச் சோதிப்பது வழக்கம். சங்கிலி நீண்டிருந்தால் அந்த ஆண்டு அளந்ததெல்லாம் பிழையாகிவிடும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

தனிமனிதர் தம் ஆண்டைக் கணக்கிடும்போது விடுபட்டுப்போவது இந்தப் படிதான். எந்தச் சங்கிலியால் அளக்கிறோம் என்று பார்க்காமலே அளந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளம், உடன் படித்தவரின் வீடு, பத்தாண்டுக்கு முந்தைய நம் உடல்நிலை ஆகியவையே பெரும்பாலும் நம் அளவுகோல்.

4.2 டிசம்பரின் சான்று

அளவுகோலை மாற்றியாக வேண்டிய கட்டாயம் இந்தக் கடற்கரைக்கு அடிக்கடி வந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை வந்தது. அன்று முழுநிலவு நாள். மார்கழித் திருவாதிரையை ஒட்டிய நேரம். கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம், பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு எனக் கரையோர ஊர்கள் அழிந்தன. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டி வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியதில் கடலூரின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டமும் ஆங்கில ஆண்டின் முடிவும் ஒன்றாக வருவதால், இங்கே ஆண்டிறுதியும் இழப்பும் பலமுறை ஒட்டியே வந்து போயின.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மீனவ மக்கள் கரைக்கு வந்து கடலில் பால் ஊற்றி, மலர் தூவி இறந்தோரை நினைக்கிறார்கள். புத்தாண்டுக்கு ஆறு நாள் முன்பாக நடக்கும் இந்நிகழ்வு, ஆண்டுக் கணக்கில் முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிடுகிறது. இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்பது அந்த வரி. ‘என்ன சாதித்தேன்’ என்ற கேள்வி அதற்குக் கீழேதான் வர முடியும். தானே புயலில் சாய்ந்த முந்திரிக்குப் பதில் ஒட்டுக்கன்று வைத்தவர் மூன்றாம் ஆண்டில்தான் காய்ப்பைப் பார்க்கத் தொடங்குவார். பலா அதைவிடத் தாமதம். அவருடைய 2012ஆம் ஆண்டுக் கணக்கில் விளைச்சல் ஏறக்குறைய இல்லை. உழைப்பு நிறைய உண்டு. விளைச்சலால் மட்டும் அளக்கும் சங்கிலி அவருக்குப் பொருந்தாது.

5. உறுதியின் நான்கு இலக்கணங்கள்

5.1 உள்ளதைக் கொண்டு செய்தல்

சிதம்பரத்து மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேர். மறுநாள் வைகறையில் ஆயிரங்கால் மண்டபத்தில் மகாபிஷேகம், பிறகு ஆருத்ரா தரிசனம். அன்று வீடுதோறும் களி. பச்சரிசியை வாணலியில் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, வெல்லப்பாகில் கிளறி, தேங்காய்த் துருவலும் ஏலமும் நெய்யும் சேர்ப்பார்கள். தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு.

இதன் பின்னால் சேந்தனார் கதை உள்ளது. விறகு விற்று அடியார்க்கு அமுது படைத்துவந்த அவருக்கு ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்துபோய் விலைபோகவில்லை. வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிளறி, வந்த அடியாருக்கு இட்டார். மறுநாள் கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்பது மரபுக் கதை. உறுதி என்ற நோக்கில் இதில் பார்க்க வேண்டியது, திட்டம் கெட்ட நாளில் அவர் என்ன செய்தார் என்பது. வழக்கமான விருந்து முடியாமல் போனது, விருந்தோம்பல் நிற்கவில்லை. பெரும்பாலான புத்தாண்டு உறுதிகளில் மழைநாளுக்கான ஏற்பாடு கிடையாது. ஒரு மணி நேர நடை முடியாத நாளில் பத்து நிமிடம் நடப்பது கணக்கில் சேராது என்று நாமே விதி வகுத்துக்கொள்கிறோம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற முன்னேற்பாட்டு முறை, தடைக்கும் முன்கூட்டியே விடை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. களி அப்படிப்பட்ட ஒரு விடை.

5.2 அளவால் சொல்லுதல்

அடிகள் தம் அன்பர்க்குத் தந்த ‘நித்திய கரும விதி’ வைகறையில் எழுவது, சற்றே அமர்ந்திருப்பது, உண்பது, உலாவுவது, உறங்குவது என நாளை நடைமுறையாக வகுக்கிறது. பசி வந்தால் தள்ளிப்போடாமல் உண்ணச் சொல்கிறது. அச்சத்தோடு இருக்கலாகாது என்கிறது. அவருடைய உபதேசக் குறிப்புகளில் இந்நோக்கு பின்னக் கணக்காகவே வருகிறது. உணவு பாதி, உறக்கம் எட்டில் ஒன்று, காமம் பதினாறில் ஒன்று, அச்சம் சுழி.

உறக்கத்துக்கு எட்டில் ஒன்று என்றால் நாளில் மூன்று மணி நேரம். குடும்பமும் வேலையும் உள்ளவருக்கு இது ஆகாது, துறவிக்குரிய அளவு. எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணை அன்று, முறையை. உணவு, உறக்கம், காமம் மூன்றையும் அவர் அடியோடு விலக்கவில்லை, அளவு குறிக்கிறார். சுழியாக வேண்டியது அச்சம் ஒன்றே. ‘இனி இனிப்பே தொட மாட்டேன்’ என்பவர் ஒரு முறை தொட்டதும் தோற்றுவிடுகிறார். ‘பாதி’ என்பவருக்குத் தவறினாலும் திரும்பி வர இடமுண்டு.

5.3 பகிர்ந்து சுமத்தல்

1867 மே 23 அன்று வடலூரில் அடிகள் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. வேளைதோறும் வந்தவர்க்குச் சோறு. அடிகள் 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டார். அதாவது, உறுதி எடுத்தவர் அதை உடனிருந்து நடத்தியது ஏழாண்டுக்கும் குறைவு. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டாக அது நடந்துவருகிறது.

இம்மாவட்டத்தில் எடுக்கப்பட்டு இவ்வளவு நீண்ட காலம் காக்கப்பட்ட உறுதி வேறொன்றைச் சொல்வது கடினம். அது நிலைத்ததற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, ‘பசியை ஒழிப்பேன்’ என்ற பரந்த வாக்கு அன்றாடம் ‘இந்த வேளைக்குச் சமைப்போம்’ என்ற வேலையாக மாறிவிட்டது. இரண்டு, அது ஒருவரின் மனவலிமையை மட்டும் நம்பி இல்லை. நிலம் ஒருவருடையது, அரிசி ஒருவருடையது, கரண்டி பிடிக்கும் கை இன்னொருவருடையது. மூன்று, நேற்று எத்தனை பேர் உண்டார்கள் என்ற கணக்கு இன்று பசித்து வந்தவருக்குப் பதிலாகாது. அதனால் பெருமிதத்துக்கும் சோர்வுக்கும் இடமில்லை. மார்கழியில் ஓதும் திருவெம்பாவையிலும் தோழியைத் தோழி எழுப்பும் அமைப்பைக் காண்கிறோம். விடியலில் எழும் உறுதிகூட இங்கே தனியாள் காரியமாக இருந்ததில்லை.

5.4 பழுது பார்க்கும் பருவம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2016 வரை இது 45 நாளாக இருந்தது. சித்திரை பிறந்த கையோடு கடலூர் துறைமுகத்தில் படகுகள் கரையேறும். அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள், என்ஜினைப் பிரிப்பார்கள், வலையை விரித்து அறுந்த கண்ணிகளைப் பின்னுவார்கள், கடைசியில் வண்ணம் அடிப்பார்கள். வருமானம் இல்லாத கடினமான காலம் அது. மீன் குஞ்சு பொரிக்க விடும் காலமும் அதுவே. புதுப்படகு வாங்குவது பற்றி அந்த நாள்களில் யாரும் பேசுவதில்லை. உள்ள படகு அடுத்த பத்து மாதம் தாங்க வேண்டும் என்பதே கவலை.

புத்தாண்டில் புது மனிதராக மாறிவிட வேண்டும் என்ற ஆசைக்கு இது நல்ல மாற்று. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்த்து அதைப் பின்னுவதும் ஓர் உறுதியே. பேசாமல் விட்ட அண்ணனுக்குப் போன் செய்வது, தள்ளிப்போட்ட பல் வைத்தியம், திருப்பித் தராத புத்தகம் ஆகியவை இந்த வகை.

6. தடைகளும் விடைகளும்

மென்மை என்பது சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர் என்ற மறுப்பு எழலாம். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல்லறிவுத் தேர்வில் சறுக்கிய மாணவர்களில் தம்மிடம் பரிவோடு நடந்துகொள்ளத் தூண்டப்பட்டவர்களே மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். கடிந்துகொள்வதால் உழைப்பு கூடிவிடும் என்ற எண்ணத்துக்கு இது எதிர்ச்சான்று.

எல்லாத் தவறும் பழுது பார்க்கக் கூடியது அன்று என்ற மறுப்பு வலுவானது. இறந்துபோனவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. மனுநீதிச் சோழன் கதையும் கன்றை முதலில் இழந்த பிறகே தொடங்குகிறது. அத்தகைய இடத்தில் உறுதி அவருக்குச் செய்ய முடியாததை அவரைப் போன்ற இன்னொருவருக்குச் செய்வதாக மாறலாம். அப்படிச் செய்வதால் பழைய கணக்கு நேராகிவிடாது. அதை நேராகிவிட்டதாக எண்ணிக்கொள்ளவும் கூடாது.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஆண்டுக் கணக்குக்கு ஓர் எளிய ஒழுங்கு கிடைக்கிறது. முதலில் இருப்பவரையும் இல்லாதவரையும் நினைப்பது. அடுத்து, எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று சோதிப்பது. பிறகு கூலி, சொல், பொதுச்சொத்து, வாயில்லா உயிர் என்ற நான்கு தலைப்பில் வினா எழுப்புவது. கடைசியாக, விடைகளில் ஒன்றே ஒன்றை எடுத்து, ஒரு நாளின் அளவுக்கு உறுதியாக வைத்துக்கொள்வது. மழைநாளில் அதன் சிறிய வடிவம் எது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்வது.

உறுதியை ஊரறியச் சொல்ல வேண்டுமா, மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற பழைய கேள்விக்கும் தருமசாலை விடை தருகிறது. அந்த உறுதியால் பயன்பெறப் போகிறவரிடம் சொன்னால் போதும். தினமும் மாலை அம்மாவுடன் கால் மணி நேரம் பேசுவது என்று தீர்மானித்தவர் அதை அம்மாவிடம் சொல்லிவிடலாம். தை பிறந்தபின் ஒரு நாள் மறந்துபோனால், ‘ஏன்டா, நேத்து கூப்பிடலை?’ என்று அவரே கேட்டுவிடுவார். மறுபடி தொடங்க வேறு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை.